‘சின்ன மாமியே’ யாருடைய பாட்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் வாரமலரில் இலங்கையின் பழைய தமிழ்ப் பொப் பாடல்களைப் பற்றி அரைப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நம்மட ஆட்களைப் பற்றியும் எழுதுகிறார்களே என்று தேத்தண்ணியோடு ஆசையாக உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் ‘சுராங்கனி’யையும் ‘சின்ன மாமியே’யையும் ஒரே வரியில் சேர்த்து, இரண்டையும் பாடகர் ஏ. ஈ. மனோகரன் தலையில் கட்டியிருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது.

‘சுராங்கனி’ சரி. அந்தப் பாட்டோடு கடல் கடந்து போய், இந்தியாவில் ‘சிலோன் மனோகர்’ என்று பெயர் வாங்கியவர் மனோகரன். அவருக்கு வரவேண்டிய புகழ் வந்தது, எனக்கு அதில் ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் ‘சின்ன மாமியே’ நித்தி கனகரத்தினத்தின் பாட்டு ஐயா. யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில் பைலா என்ற சிங்கள ஆட்டப்பாட்டு மெட்டில் தமிழைப் பாடத் தொடங்கியவர். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? கட்டுரை எழுதிய பிள்ளைக்குத்தான் பழைய பேப்பர் கட்டுகளைப் புரட்ட நேரம் கிடைத்திருக்காது. யூடியூபில் யாரோ மனோகரனின் படத்தைப் போட்டு நித்தியின் பாட்டை ஏற்றிவைத்திருந்தால், அதுதானே இப்போது சரித்திரம்!

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பையன். எங்கள் வீட்டு ரேடியோ அலுமாரிக்கு மேலே, அம்மா பின்னிய வெள்ளைத் துணிக்குள் இருக்கும். அதைத் தொடும் உரிமை அப்பாவுக்கு மட்டும். ஒரு நாள் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று நித்தியின் குரல் வந்ததும் அப்பா எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைத்தார். பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கள்ளு என்ற சொல் கேட்கலாமா? “போகாதே என்றுதானே அப்பா பாடுறார்” என்று சொல்லிவிட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அன்று தொடங்கியது என் ரசிகத்தனம்.

அந்தப் பாட்டுகளில் எங்களைப் பிடித்து இழுத்தது எது தெரியுமா? வீட்டில் கதைக்கிற தமிழ். ‘சின்ன மாமியே’யில் மருமகன் கேட்கிறான், மாமி பதில் சொல்கிறாள், அவ்வளவுதான் கதை. சினிமாப் பாட்டில் நிலவும் மலரும் வந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் குசினி வாசலில் நடக்கிற கதையைப் பாட்டாகக் கேட்டோம். பெரிசுகள் ‘இதென்ன கூத்து’ என்று முகம் சுளித்தார்கள். அதே பெரிசுகள் கலியாண வீடுகளில் இரண்டாம் போத்தலுக்குப் பிறகு ‘கள்ளுக்கடை’ப் பாட்டைக் கேட்டு வாங்கிப் பாடியதையும் பார்த்தவன் நான். கள்ளுக்கடைக்குப் போகாதே என்ற பாட்டுக்கு அப்படியொரு விதி.

1981இல் மச்சான் சவூதியிலிருந்து ஒரு டேப் ரெக்கோர்டர் கொண்டுவந்தார். ரேடியோவுக்குப் பக்கத்தில் அதை வைத்து ‘சின்ன மாமியே’யைப் பிடித்தேன். பாட்டின் நடுவில் “மீன்காரன் வந்திட்டான், சட்டியை எடு” என்று அம்மாவின் குரலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. நான் கத்தாத கத்தில்லை. அந்தக் கசெட் 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு போனது. இப்போது போனில் அதே பாட்டை நூறு தரம் கேட்கலாம். அம்மாவின் குரல் வராது.

அதை விடுங்கள். 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானபோது தாங்கள் முழுப் பக்கம் ஒதுக்கினீர்கள். நல்ல காரியம். அப்போது நான் ஒரு கடிதம் எழுதினேன். நித்தி, எம். பி. பரமேஷ், ஸ்டான்லி சிவானந்தன், இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை என்று பொப் பாடிய மற்றவர்களையும் நாலு வரி நினையுங்கள் என்று கேட்டிருந்தேன். பெயர்கள் அத்தனையையும் வெட்டிவிட்டு, ‘கட்டுரை அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் போட்டீர்கள். ஊர்ப் பெயரையும் பிழையாகப் போட்டு, கொழும்பு வெள்ளவத்தை வாசகனான என்னை எங்கேயோ இருக்கிற வெல்லவாயவுக்கு அனுப்பிவிட்டீர்கள். வயதான காலத்தில் ஒரு மலையடிவார வாசம் கிடைத்ததற்கு நன்றி.

போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணம். டீஜே தம்பி ‘சின்ன மாமியே’யைப் போட்டுவிட்டு, “சென்னைக் கானா வருது, எல்லாரும் வாங்க” என்று மைக்கில் கூவினார். அவரைக் கோபித்து என்ன பயன்? காலையிலிருந்து ராத்திரி வரை எஃப்எம் முழுக்கச் சென்னைப் பாட்டுத்தான். நம்மட பாட்டு சுதந்திர தினத்தன்று பாற்சோறு மாதிரி ஒரு கரண்டி வரும். அன்றிரவு வீடு திரும்ப ஏறிய த்ரீவீலரின் சாரதி ஒரு சிங்களப் பெரியவர். கலியாண வீட்டுப் பாட்டு வெளியே கேட்டிருக்கவேண்டும், அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். யார் பாடியது என்று கேட்டேன். “நித்தி மாத்தயா” (நித்தி ஐயா) என்றார் உடனே. இருநூறு ரூபா கூடக் கொடுத்தேன். தங்கள் வாரமலருக்கு ஆள் தேவையென்றால் அவருடைய தரிப்பிடம் எங்கே என்று சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ‘சின்ன மாமியே’ நித்தி கனகரத்தினத்தின் பாட்டு என்று ஒரு வரித் திருத்தம். கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில். இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் அம்மாவையும் மீன்காரனையும் வெட்டுங்கள், நித்தியின் பெயரில் கை வைக்காதீர்கள். திருத்தத்தை ஞாயிறிலேயே போட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் நான் பேப்பர் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
வெள்ளவத்தை (வெல்லவாய அல்ல), கொழும்பு 6.