புதுக் கோச்சின் முதல் சீசன்

அன்புள்ள நிலா,

உங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் புதுக் கோச் வந்திருக்கிறாரே, இந்த வருடம் தேறுமா என்று கேட்டிருந்தாய். முதல் நாலு ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து எதையும் சொல்லிவிடாதே கண்ணு. ஆரம்பத்தில் வருபவை பெரும்பாலும் எளிய எதிரணிகள்தான்.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் 2024 சீசனைப் பார். 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கோச் கர்ட் சிக்னெட்டி வந்த முதல் வருடமே 11 வெற்றி, 2 தோல்வி. அதுவரை எந்த சீசனிலும் அவர்கள் 9 வெற்றியைத் தாண்டியதில்லை. தாக்குதல், தடுப்பு இரண்டுக்குமான துணைக் கோச்சுகளையும், 13 ஆட்டக்காரர்களையும் அவர் பழைய கல்லூரியிலிருந்தே கூட்டி வந்தார். வசந்தகாலப் பயிற்சிக்குக் கிடைப்பது 15 நாள்தான். அதற்குள் புது சைகை, அடுத்து என்ன ஆட்டம் என்று சொல்லும் புது அழைப்பு எல்லாம் எல்லோருக்கும் படிய வேண்டும். கூட வந்த இவர்களுக்கு அது ஏற்கெனவே தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்களுக்கு இவர்களே சொல்லிக்கொடுத்துவிடலாம். தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கர்ட்டிஸ் ரோர்க்கும் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் பல வருடம் ஆடிவிட்டு வந்தவர். வளரும் பையன்களுக்காகக் காத்திருக்காமல், வேறிடத்தில் செய்துகாட்டியவர்களை எடுத்தார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஆனால் பாடம் இருப்பது தோல்விகளில்தான். பத்தாவது வெற்றியிலேயே சறுக்கல் தெரிந்தது. மிச்சிகனை 20-15 என்று ஜெயித்தார்கள், சரி. ஆனால் இரண்டாம் பாதியில் எடுத்தது மூன்றே புள்ளி. அடுத்து ஓஹாயோ ஸ்டேட்டிடம் (ரோர்க் ஆடிய ஓஹாயோ அல்ல, இது வேறு பல்கலைக்கழகம்) 38-15 என்று தோற்றார்கள். ரோர்க் பந்தை எறியுமுன்பே அவரை ஐந்து முறை சாய்த்தார்கள். மொத்தத் தாக்குதலே 151 யார்டு. அவருக்கு முன்னால் நின்று தடுக்கும் முன்வரிசை ஐவர் இரண்டு மூன்று நொடி தாக்குப்பிடிக்காவிட்டால், எவ்வளவு கெட்டிக்காரக் குவார்ட்டர்பேக்கும் பந்தை எறிய முடியாது. இன்னொன்று, யாரும் கவனிக்காத பண்ட், அதாவது முன்னேற முடியாதபோது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது. 7-7 என்று இருந்தபோது, இண்டியானாவின் உதைப்பவர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். இண்டியானாவின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எதிரணிக்குப் பந்து, உடனே டச்டவுன், அதாவது கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி. மூன்றாம் கால்பகுதியில் இன்னொரு பண்டை வாங்கிய ஓஹாயோ ஸ்டேட்டின் கேலப் டவுன்ஸ் 79 யார்டு ஓடி டச்டவுன் எடுத்துவிட்டார். ஆட்டம் அங்கேயே போயிற்று. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் நோட்ரே டேமிடம் 27-17 என்று தோல்வி. அதிலும் எதிரணியின் ஜெரமையா லவ் ஒரே ஓட்டத்தில் 98 யார்டு.

ஒரு வருடத்தில் கோச் வாங்கிவர முடிவது கை தேர்ந்தவர்களை. முன்வரிசையின் கனமும் ஒத்திசைவும் அவ்வளவு சீக்கிரம் வராது. அதனால் நீ ஆட்டத்துக்குப் போனால், முதல் கால்பகுதியில் பந்தைப் பார்க்காதே, அந்த ஐந்து பேரைப் பார். பந்து கிளம்புமுன் யாராவது அசைந்தால் ஐந்து யார்டு அபராதம். அது திரும்பத் திரும்ப நடந்தால் அழைப்பு இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். முதல் பாதியிலேயே டைம்அவுட்டைக் கரைக்கிறார்களா என்று பார், அதுவும் குழப்பத்தின் அடையாளம்தான். பத்து யார்டு முன்னேற நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்; மூன்றாவது டவுனில் இன்னும் எட்டு, ஒன்பது யார்டு வேண்டியிருக்கிறதா, இரண்டு மூன்றுதானா என்று எண்ணிக்கொண்டே வா. ஸ்கோர்போர்டைவிட அது நிஜம் சொல்லும்.

நவம்பர் ஆட்டத்துக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள். அந்த அலுமினிய பெஞ்சு ஐஸ் மாதிரி இருக்கும். விரித்து உட்கார ஏதாவது எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா