என் பிராஞ்சைப் புஷ் செய்துவிட்டேன்

நண்பா,

நேற்று நம் ப்ராஜெக்டில் நான் தனியாக எழுதி வைத்திருந்த பழைய பிராஞ்சை (கிளையை) நம் ரெப்போவில், அதாவது புரோகிராம் முழுவதும் இருக்கும் பொதுக் கிடங்கில், சேர்த்துவிட்டேன். மெயின் என்ற முக்கியக் கிளையைத் தொடவில்லை, இருப்பதை அழித்து எழுதும் ஃபோர்ஸ் புஷ்ஷும் இல்லை. ஏன் என்று நீயாகக் கேட்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

லேபில் அந்த ராத்திரி நினைவிருக்கிறதா? லாகின் செய்த மறுநிமிடமே வெளியே தள்ளியது. நான் புரோகிராமை மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தேன். நீ கீபோர்டை இழுத்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், கோளாறு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும் பைசெக்டைப் போட்டாய். ஒழுங்காக ஓடிய பழைய கமிட் (பதிந்துவைத்த ஒரு மாற்றம்) 'குட்', இப்போதையது 'பேட்'. நடுவில் இருப்பதை கிட் எடுத்துத் தரும், ஓட்டிப் பார்த்தால் பாதி கழிந்துவிடும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்துத் தடவையில் பிடித்துவிடலாம் என்றாய். பிடிபட்டது உன் கமிட்தான். மில்லிசெகண்ட் கேட்ட இடத்தில் செகண்டைக் கொடுத்திருந்தாய், செஷன் உடனே காலாவதியானது. "மூணே வரி, அதான் பார்த்ததும் தெரிஞ்சுது" என்றாய். தன் தப்பு கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. ஒரு கமிட்டில் ஒரு மாற்றம். எதை மாற்றினோம் என்பதை டிஃப் காட்டும், ஏன் என்பதை மெசேஜில் எழுது என்றாய். இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அப்படிச் சொன்ன நீயா சப்மிஷனுக்கு முன்னால் என் வேலை முழுவதையும் ஸ்குவாஷ் செய்து, ஒரே கமிட்டாக உன் பெயரில் போட்டாய்? ஹிஸ்டரி சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தாய், நம்புகிறேன். ஆனால் கமிட்களின் பட்டியலான லாகில் நான் இல்லை. வைவாவில் என்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன், நம் வகுப்பு ஆட்களும் படிப்பார்கள். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கியபோதே, எழுதியவர் பெயரையும் கமிட் செய்தவர் பெயரையும் தனித்தனியாகப் பதிய வைத்தார். அதெல்லாம் போகட்டும், கோ-ஆதர்ட்-பை (இவரும் சேர்ந்து எழுதினார்) என்று என் பெயரோடு ஒரு வரி போட்டிருக்கலாமே!

உன் போனை எடுக்காமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். எடுத்திருந்தால் கத்தியிருப்பேன், வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு. ஆனால் நீயும் ஒரு வரி மெயில் அனுப்பவில்லை.

இப்போது ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு கிட் சொல்லித் தருகிறேன். உதாரணத்துக்கு நம் ரெப்போவைத் திறந்தால், பைசெக்ட் அந்த ராட்சத கமிட்டில் போய் நிற்கிறது. எந்த வரி, எதற்காக, ஒன்றும் தெரியவில்லை. நீ சொல்லிக்கொடுத்ததை உன் கமிட்டை வைத்தே காட்ட முடியாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை. பழைய லேப்டாப்பில் ரெப்போவின் குளோன் (முழு நகல்) அப்படியே இருந்தது, அதிலிருந்த என் பிராஞ்சைத்தான் சேர்த்தேன்.

லாகைப் பார். நீ ரிவ்யூவில் சொல்லி நான் திருத்திய கமிட்களில் உன் பெயரைக் கோ-ஆதராக அன்றே போட்டிருக்கிறேன். பிராஞ்சை அழித்துவிடாதே.