போனில் ஏறிய 1,000 ரூபாய் கார்டில் ஏறவில்லை: புகார்

அனுப்புநர்:
தங்கள் பயண அட்டை வாடிக்கையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பயண அட்டை வழங்கும் நிறுவனம்,
சென்னை.

பொருள்: ரீசார்ஜ் செய்த 1,000 ரூபாய் அட்டையில் சேராதது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறேன். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் (சி.எல்.ஆர்.ஐ.) சாம்பிள் கொடுக்கவும் ரிப்போர்ட் வாங்கவும் அடிக்கடி சென்னைக்கு வர வேண்டியிருக்கிறது. காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் கிண்டி. மெட்ரோவில் கார்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதால் வேலூரில் உங்கள் முகவர் கடையில் இந்த அட்டையை வாங்கினேன். "இந்தியா முழுக்க ஒரே கார்டு சார், போன்லயே ரீசார்ஜ் பண்ணிக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

கடந்த மாதம் கிளம்புவதற்கு முந்தின இரவு உங்கள் ஆப்பில் 1,000 ரூபாய் போட்டேன். வங்கிக் கணக்கில் பணம் கழிந்தது, ஆப்பிலும் பச்சை டிக் வந்தது. காலையில் சென்ட்ரல் மெட்ரோ கேட்டில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. பழைய மீதி 7 ரூபாய்தான் இருக்கிறது என்றது திரை. பின்னால் பையும் பெட்டியுமாக நின்றவர்கள் உச்சுக் கொட்ட, விலகி நின்றேன்.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். ஆப்பில் போடும் பணம் முதலில் உங்கள் சர்வரில்தான் நிற்குமாம். கேட் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் கூட்டம் நகராது. அதனால் கார்டின் சிப்பில் எழுதியிருக்கும் தொகையை மட்டும்தான் அது பார்க்கும். சர்வரில் நிற்கும் பணத்தைச் சிப்புக்குக் கொண்டுவர, ஸ்டேஷன் மெஷினில் கார்டை வைத்து 'பேலன்ஸ் அப்டேட்' கொடுக்க வேண்டும். அல்லது என்.எஃப்.சி. (கார்டை ஒட்டி வைத்தாலே படிக்கும் வசதி) உள்ள போனின் முதுகில் வைக்க வேண்டும். என் போனில் அது இல்லை. சிப்பில் 2,000 ரூபாய்க்கு மேல் நிற்காது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சரி என்று மெஷினில் வைத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் 'தோல்வி' என்று வந்து நின்றது. என் புகாரே இனிமேல்தான் வருகிறது. ஆப்பைத் திறந்தால், 'கார்டில் சேர்க்க வேண்டிய தொகை' என்ற இடத்தில் அதுவரை 1,000 என்று இருந்தது பூஜ்யமாகிவிட்டது. கார்டிலோ அதே 7 ரூபாய். உங்கள் கணக்குப்படி பணம் கார்டுக்குப் போய்விட்டது, கார்டின் கணக்குப்படி வரவே இல்லை. நடுவில் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

உங்கள் கஸ்டமர் கேரில் தமிழுக்கான எண்ணை அழுத்தினாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். கார்டை வாங்கிய இடத்துக்கே கொண்டுபோகச் சொன்னார்கள். போனேன். "நமக்கு விக்கிறது மட்டும்தான் சார், மெஷின் எல்லாம் சென்னையிலதான்" என்றார் முகவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அப்டேட் செய்ய மெஷின் வைக்காத ஊரில் கார்டை மட்டும் விற்கிறீர்களே, அது என்ன வியாபாரம்? பணம் போடும் திரையிலேயே 'மெஷினில் வைத்த பிறகுதான் பயன்படுத்த முடியும்' என்று தமிழில் ஒரு வரி போட என்ன செலவாகிவிடும்? ஊரிலிருந்து வருகிறவன் அரை மணி நேரம் முன்னதாகவாவது வந்து சேர்வான்.

ஆப்பில் கொடுத்த புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு முறை மூடியும் விட்டார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை.

அந்த 1,000 ரூபாயை நான் பணம் செலுத்திய வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். மறுபடியும் கார்டில் போடுகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு விதித்து, கெடு தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அது என் விஷயத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். பொருந்தாது என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

வங்கிக் கணக்கு விவரம், ஆப் திரையின் படங்கள், மெஷின் கொடுத்த தோல்விச் சீட்டு மூன்றையும் இணைத்திருக்கிறேன். சீட்டின் மை மங்கத் தொடங்கிவிட்டதால் நகலெடுத்து வைத்திருக்கிறேன். பதிலைத் தமிழில், ஒரு பொறுப்பாளரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற எஸ்.எம்.எஸ். இனி வேண்டாம், போதுமான அளவு வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி.