கரிசலில் புதிதாக எழுத வந்தவர்களின் வாழ்க்கைத் தொகுப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர், சங்கரன்கோவில் வட்டாரங்களில் சமீபமாக எழுத வந்திருக்கும் 18 பேரைச் சேர்த்து ஒரு புத்தகம் கொண்டுவர இருக்கிறோம். 11 பேர் கவிதை எழுதுகிறவர்கள், 7 பேர் கதைக்காரர்கள். ஒவ்வொருவரும் தாங்கள் பிறந்து வளர்ந்த விதம், பார்க்கிற வேலை, எழுத உட்கார்ந்த சூழல் இவற்றைத் தாங்களே ஒரு கட்டுரையாக எழுதித் தருவார்கள். கூடவே அவர்களுடைய ஒரு கதையோ சில கவிதைகளோ இருக்கும். எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். குழுவில் இருப்பவர்கள் கைப்பணம் போட்டதில் 62,000 சேர்ந்துவிட்டது. மீதி 1,78,000 ரூபாய்க்காகத்தான் இந்தக் கடிதம்.

எழுத்து இருந்தால் போதாதா, எழுதியவர் கதை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு முதல் தொகுப்பின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர், ஊர், ஒரு பட்டம், 'இது இவரது முதல் தொகுப்பு'. அதோடு முடிந்தது. அந்தத் தொகுப்பு எப்படி வந்தது என்பது அதில் இருக்காது. எங்கள் பட்டியலில் உள்ள ஒரு பெண் தீப்பெட்டி ஆலையில் பண்டல் கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறார். கவிதைப் புத்தகம் போட ஒரு பதிப்பகம் அவரிடம் 35,000 ரூபாய் கேட்டது. மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கட்டினார். 200 பிரதிகள் வீட்டுக்கு வந்தன. அரசு நூலகங்கள் வாங்கிக்கொள்ளும் நூலக ஆணை கிடைக்கும், ஒரே வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார்களாம். ஆணையும் வரவில்லை, போன் போட்டால் எடுக்கவும் இல்லை. நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது புத்தகக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் செங்கல் மேல் ஏற்றி, உரச்சாக்கு போட்டு மூடி இருந்தன. ஐப்பசி மழைக்குத் தரை ஓதம் வாங்குமாம். கடைசித் தவணை கட்டிய பிறகுதான் அடுத்த கவிதை எழுத மனசு வந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல கவிதைகள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொருவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சரக்கு ஏற்றி முடிக்கும்வரை வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனில் வாயால் சொல்லிச் சொல்லியே ஒரு நாவலை முக்கால்வாசி முடித்திருந்தார். போன் கீழே விழுந்து உயிரை விட்டதில் மொத்தமும் போயிற்று. மறுபடி தொடங்கியிருக்கிறார். இந்தமுறை ஒவ்வொரு அத்தியாயத்தையும் தங்கைக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார். பட்டியலில் வயதில் மூத்தவருக்கு 52. பேருந்து நடத்துநர். இதுவரை வந்தது இரண்டே கதைகள், இரண்டும் சிற்றிதழில்.

52 வயதுக்காரரைப் புதியவர் என்று சொல்லலாமா என்று குழுவுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011-லிருந்து கொடுக்கப்படுகிறது, பரிசு 50,000 ரூபாய், வயது வரம்பு 35. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோவில்பட்டி பக்கம் நம் இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) 1923-இல் பிறந்தவர். முதல் தொகுப்பு 1965-இல் வந்தபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். இன்று அவர் அந்தப் பரிசுக்கு விண்ணப்பித்திருந்தால் வயதைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருப்பார்கள்! எனவே எங்கள் தொகுப்பில் வயதைக் கேட்கவில்லை. முதல் புத்தகம் வராதவர், அல்லது ஒரே ஒரு புத்தகம் வந்தவர். அவ்வளவுதான் கணக்கு.

அதே இடைசெவலில் அதே 1923-இல் பிறந்தவர் எழுத்தாளர் கு. அழகிரிசாமி. கி.ரா. வெகுகாலம் ஊரிலேயே இருந்து விவசாயம் பார்த்தார். அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகை வேலை, பிறகு மலேயாவில் 'தமிழ் நேசன்' நாளிதழ் என்று அலைந்து, ஐம்பது வயதைக்கூட எட்டாமல் 1970-இல் காலமானார். அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்ததும் அவர் போன பிறகுதான். இந்த இருவரின் இளமைக்காலம், அவர்கள் வாசித்தது, பாட்டுக் கேட்டது, காசில்லாமல் திண்டாடியது எல்லாம் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து புத்தகமாக்கினார். எல்லா எழுத்தாளருக்கும் அப்படி ஒரு சிநேகிதர் வாய்ப்பதில்லை. அப்புறம் இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? நம் வட்டார எழுத்தாளர்கள் பூமணிக்கு 2014-லும் சோ. தர்மனுக்கு 2019-லும் அதே விருது கிடைத்தபோது ஊரெல்லாம் பேசினோம். பெயர் வெளியே தெரியாத வருடங்களில் ஒருவர் எப்படிச் சமாளித்தார் என்பதை அப்போதைக்கப்போதே எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

பணம் எதற்குப் போகிறது என்று சொல்லிவிடுகிறோம். எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாய், ஆக 90,000. இது சன்மானம். மொத்தச் செலவில் பெரிய தொகை இதுதான், இதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். எழுதுகிறவனுக்குக் காசு கொடுக்காமல் அச்சகத்துக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. அடுத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கட்டுரைகளை வாசித்துத் திருத்த இரண்டு நாள் முகாம். சாப்பாடு, தங்கல், பேருந்துச் செலவு, வேலைக்குப் போகாத நாள்களுக்கான கூலி சேர்த்து 40,000. கைக்குழந்தையோடு வருபவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவை அமர்த்துகிறோம், அவர் சம்பளமும் இதில் அடக்கம். தட்டச்சு, மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு 25,000. 320 பக்கத்தில் 600 பிரதி அச்சிட 75,000. கிளை நூலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் இலவசமாக அனுப்பும் செலவு 10,000. பொன்னாடை, மேடை, ஃபிளக்ஸ் எதற்கும் ஒரு பைசா கிடையாது. வெளியீட்டு விழா என்று தனியாக வைக்கவும் போவதில்லை.

ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்ல வேண்டும். 'வறுமையிலும் தமிழ் வளர்க்கும் இளைஞர்' என்கிற மாதிரிப் புத்தகம் இது இல்லை. கட்டுரையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது எழுதுகிறவர் முடிவு. சாதி, குடும்பம், கல்யாணம், கடன் எதையும் நாங்கள் தோண்டிக் கேட்க மாட்டோம். பட்டியலில் இரண்டு பெண்கள் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள், வீட்டில் தெரியாது. கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் இரவுகளில் ஒளித்து ஒளித்து எழுதிய காலம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இவர்களிடம் பேசிப் பார்க்கலாம். அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கும், புகைப்படமும் வராது. நன்கொடையாளர் யாரும் 'இவரைப் பார்க்க வேண்டும், உதவி செய்ய வேண்டும்' என்று வீடு தேடிப் போகக் கூடாது என்பதும் எங்கள் வேண்டுகோள்.

200 ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். நன்கொடை தந்தவர்கள் பெயர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அகர வரிசையில் வரும், தொகை போட மாட்டோம். 1,000 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புவோம். ரசீது உண்டு. நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு கிடையாது, ஏனென்றால் நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நண்பர்களிடம் நன்கொடை வாங்கவும் எங்களுக்கு அரசு அனுமதி இல்லை. அவர்கள் புத்தகம் வந்த பிறகு விலை கொடுத்து வாங்கினால் போதும், சந்தோஷம். வரவு செலவுக் கணக்கை முகாம் முடிந்ததும் ஒருமுறை, அச்சு முடிந்ததும் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புவோம். பணம் மிஞ்சினால் எழுதியவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடுவோம்.

ஆவணிக் கடைசிக்குள் பணம் கிடைத்தால் புரட்டாசியில் முகாமை நடத்திவிடலாம். அதற்குப் பிறகு தீபாவளி நெருக்கம், ஆலைகளில் யாருக்கும் லீவு கிடைக்காது. வங்கிக் கணக்கு விவரத்தைக் குழுவினர் யாரிடம் கேட்டாலும் தருவார்கள். பணமாகத் தர முடியாதவர்கள் மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி இருந்தால் அதையும் வாங்கிக்கொள்வோம், நான்கு பேருக்குத் தேவைப்படுகிறது. சார்ஜரோடு தந்தால் நல்லது.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்,
கோவில்பட்டி.