பிக்காசோவுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் தேதி ஒத்துவரவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நவீன ஓவியம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்களைப் பெரிதாக அச்சிட்டிருந்தது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையிலிருந்துதான் பிக்காசோவின் கியூபிசம் (பொருளை வடிவத் துண்டுகளாக்கி, பல பக்கங்களை ஒன்றாகக் காட்டும் ஓவிய பாணி) பிறந்தது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஐன்ஸ்டைன் 1905-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்த ஆய்வை எழுதினார். அப்போது அதைப் படித்தவர்கள் இயற்பியல்காரர்கள் சிலர்தான். பிக்காசோ பாரிஸில், கியூபிசத்துக்கு வழி திறந்த 'அவிஞோன் பெண்கள்' ஓவியத்தை வரைந்தது 1907-ல். 1919 மே மாத சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைன் சொன்னபடியே நட்சத்திர ஒளி வளைவதை அளந்து, நவம்பரில் லண்டனில் அறிவித்த பிறகுதான் ஐன்ஸ்டைன் பெயர் ஊரெல்லாம் பரவியது. கியூபிசம் அதற்குள் பழகிப்போன சங்கதி ஆகிவிட்டது. பால் லாப்போர்ட் என்ற கலை ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியபோது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஐன்ஸ்டைனே 1946-ல் பதில் எழுதியிருக்கிறார்.

குழப்பம் 'நான்காம் பரிமாணம்' என்ற சொல்லில் இருக்கிறது. கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி 1908-ல், ஐன்ஸ்டைனின் கொள்கையை வைத்து, காலத்தை நான்காம் பரிமாணமாக்கினார். பாரிஸ் ஓவியர்கள் பேசியது அதுவல்ல. நீளம், அகலம், உயரம் தவிர இன்னொரு திசையும் உண்டா என்ற கேள்வி அவர்களுடையது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிவியலிலிருந்து வந்தது.

சரி, அப்படியானால் அந்த ஓவியர்களை இயற்பியல் தொடவே இல்லையா? நன்றாகவே தொட்டது. ஐன்ஸ்டைன் பெயரைச் சொல்லி அந்த உண்மைக் கதையை விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

1895 டிசம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜென் தன் மனைவி பெர்தாவின் கையை எக்ஸ்ரே எடுத்தார். வருடா வருடம் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டுவேன். சதை வெறும் புகையாகத் தெரியும். விரல் எலும்புகள் கணுக்கணுவாகத் தெரியும். மோதிரம் மட்டும் அடர்கறுப்பாக, எதையும் தொடாமல் எலும்பைச் சுற்றி மிதப்பது போல நிற்கும். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சில வாரங்களிலேயே பல நாட்டுப் பத்திரிகைகளிலும் பேச்சாகிவிட்ட படம் அது. கண் காட்டுவது மேல்தோலை மட்டும்தான் என்று தெரிந்துவிட்ட ஓவியருக்கு, முகத்தைப் பார்த்தபடியே வரைவதில் பிடிப்பு எப்படி இருக்கும்?

அப்புறம் கதிரியக்கம். 1896-ல் பெக்கரெல் அதைக் கண்டுபிடித்தார், 1898-ல் கியூரி தம்பதி ஆய்வைத் தொடர்ந்தார்கள். பிளக்கவே முடியாதது என்று நம்பியிருந்த அணு, தானாகவே சிதைகிறது என்று சில வருடங்களில் தெரிந்தது. ஓவியர் காண்டின்ஸ்கி 1913-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், அந்தச் செய்தி உலகமே இடிந்ததுபோல் இருந்தது என்கிறார். ஒரு கல் கண்ணெதிரே காற்றில் கரைந்திருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாராம். தன் பாதையில் கிடந்த பெரிய தடை ஒன்று அதனால் விலகியது என்றும் எழுதியிருக்கிறார். உருவமே இல்லாத ஓவியத்துக்குப் போன மனிதர், இயற்பியல் தனக்கு என்ன செய்தது என்று வாய்விட்டுச் சொன்ன இடம் இது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிரெஞ்சு ஓவியர் துஷாம்பையும் சேர்த்திருக்கலாம். மீட்டர் என்றால் எவ்வளவு என்பதற்கு அப்போது பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் பிளாட்டினம்-இரிடியம் கட்டை ஒன்றைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். வடிவியலின் அடிப்படைகள் நாம் வசதிக்காக ஒப்புக்கொண்டவை என்று கணித அறிஞர் புவான்கரே 1902-லேயே எழுதிவிட்டார். துஷாம்ப் 1913-ல் ஒரு மீட்டர் நூல் மூன்றை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டார். விழுந்த வளைவு மாறாமல் ஒட்டி, அதே வளைவில் மரத்தில் அளவுகோல்களும் செய்துகொண்டார். மூன்றும் ஒரு மீட்டர்தான், ஆனால் ஒன்று போல் இன்னொன்று இல்லை. அளவீடு பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால் பெர்தாவின் கைப்படத்தையும் காண்டின்ஸ்கியின் 1913-ஆம் வருட ஓவியம் ஒன்றையும் ஒரே பக்கத்தில் அருகருகே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்.