அடித்தட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

டிஷ்வாஷர் பாதியில் நின்றுவிட்டது, தண்ணீர் அதிகமானதாகக் கோளாறு காட்டுகிறது, அணைத்தாலும் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இன்னும் பிளக்கைப் பிடுங்கவில்லை என்றால் இப்போதே பிடுங்கிவிடு. பட்டனை அணைத்தால் மட்டும் போதாது. மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் இருக்கிறவரை பல மெஷின்கள் வெளியேற்றும் பம்ப்பை விடாமல் ஓட்டும். பிறகு மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாயை மூடு. உள்ளே சூடேற்றி இருப்பதால் அரைமணி நேரம் ஆறவிட்டு அப்புறம் கை வை.

சென்சாரை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு அவசரப்படாதே அம்மா. அந்தச் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. மெஷினின் அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் தெர்மோகோல் துண்டு ஒன்று மிதவையாக உட்கார்ந்திருக்கும், அதன்மேல் மைக்ரோ சுவிட்ச் என்னும் ஒரு சின்ன சுவிட்ச். இவை இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சென்சார். எங்கேயாவது கசிந்த தண்ணீர் தட்டில் சேர்ந்தால் மிதவை எழும்பி சுவிட்சைத் தட்டும். உடனே மெஷின் தண்ணீர் வரத்தை நிறுத்திவிட்டு இருப்பதை வெளியேற்றப் பார்க்கும். பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் இதற்கு E15 என்று வரும், ஏஇஜி, எலக்ட்ரோலக்ஸில் i30. ஆனால் வெளியேற்றும் பம்ப்புக்குத் தொட்டித் தண்ணீர்தான் எட்டும், அடித்தட்டுத் தண்ணீர் எட்டாது. அதனால்தான் மணிக்கணக்கில் ஓடியும் கோளாறு மறையவில்லை.

சில மெஷின்களில் இன்னொரு மிதவை தொட்டிக்குள்ளேயே, தரையின் ஒரு மூலையில் சின்னக் குடை போல இருக்கும். உன்னுடையதில் இருந்தால் விரலால் தூக்கிவிட்டுப் பார். தானாகக் கீழே விழ வேண்டும். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோ உடைந்த கண்ணாடித் துணுக்கோ சிக்கினால் அது பாதியில் நின்றுவிடும். மேலே சிக்கினால் தண்ணீரே வராது, கீழே சிக்கினால் தண்ணீர் நிற்காமல் வரும். குடையைக் கழற்றி வெந்நீரில் கழுவி, அது உட்காரும் குழியையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது.

இனி அடித்தட்டு. மெஷினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டச் சொல்வார்கள். நீ சாய்க்காதே. தொட்டியில் மிஞ்சிய தண்ணீரும் சேர்ந்து தட்டில் வழியும், பிறகு எது கசிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடு. பிறகு முன்பக்கம் தரையோடு இருக்கும் பலகையின் திருகுகளைக் கழற்று. கையுறை கட்டாயம் போட்டுக்கொள், உள்ளே தகட்டு விளிம்புகள் கத்தி போல இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தட்டு தெரியும். பழைய துணியை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டு ஒற்றி ஒற்றி எடு. பலகையைத் திறந்தபடியே ஒருநாள் மின்விசிறிக் காற்று படவிடு. ஹேர் டிரையரில் சூடான காற்று வேண்டாம், தெர்மோகோல் உருகிவிடும்.

காய்ந்ததும் கோளாறு போய்விடும். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சரியாகிவிட்டது என்று பலகையை மூடிவிடுவார்கள். நாலு முறை கழுவியதும் அதே கோளாறு திரும்பி வரும். தட்டு வறண்டிருக்கும் இந்த நேரம்தான் கசிவைப் பிடிக்க நல்ல நேரம். தட்டு முழுவதும் டிஷ்யூ பேப்பரைப் பரப்பு, மிதவையின் பக்கத்தில் மட்டும் வைக்காதே. எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அதற்கு நேர்மேலேதான் குற்றவாளி.

மூன்று கட்டமாகச் சோதி. பிளக் போடாமல், குழாயைத் திறக்காமல், தொட்டிக்குள் 4 லிட்டர் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் விடு. அப்போதே தாள் நனைந்தால், தொட்டியின் அடிக்குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமோ, அங்கிருந்து பம்ப்புக்குப் போகும் குழாயின் கிளிப்போதான் காரணம். நனையவில்லையா? குழாயைத் திறந்து, பிளக்கைச் செருகி, தண்ணீர் நிரம்பும் நேரத்தை மட்டும் கவனி. அப்போது நனைந்தால் தண்ணீர் வரும் ஹோஸின் இணைப்பைப் பார். அதுவும் சரியென்றால் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் அறையைப் பார். உள்ளே வரும் தண்ணீர் அந்த அறை வழியாகத்தான் தொட்டிக்குப் போகும். அதன் வழிகளில் உப்புப் படிந்து அடைத்தால் தண்ணீர் காற்றுத் துளை வழியே பொங்கி அடித்தட்டில் இறங்கிவிடும். இதைப் பார்க்கப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு முன் மறுபடி பிளக்கைப் பிடுங்கு.

நிரம்பும்போதும் நனையாமல், கழுவும்போது மட்டும் நனைந்தால் கதை வேறு. இதற்குத்தான் காரணங்கள் அதிகம். தொட்டிக்குள் சுழன்று தண்ணீர் தெளிக்கும் பிளாஸ்டிக் கையில் விரிசல் விட்டு, அதிலிருந்து நேராகக் கதவின் அடிவிளிம்பில் பீய்ச்சலாம். கதவின் கீழ் ரப்பர் பீடிங் கடினமாகி வெடித்திருக்கலாம், அதை விரலால் அமுக்கிப் பார், மெத்தென்று திரும்பி எழ வேண்டும். மெஷின் முன்பக்கமாகச் சாய்ந்து நின்றாலும் தண்ணீர் கதவை நோக்கித்தான் ஓடும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கால் திருகுகளைச் சரிசெய். இவை எல்லாம் நன்றாக இருந்தும் நடுவில் உள்ள தாள் நனைந்தால், கழுவும் பம்ப்பின் அச்சைச் சுற்றிய சீல் தேய்ந்திருக்கிறது. அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடு.

நுரையையும் மறக்காதே. கையால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு ஸ்பூன் உள்ளே போனாலே போதும், நுரை கதவிடுக்கு வழியாக வழிந்து தட்டில் இறங்கித் தண்ணீராகிவிடும். சோப்பு போட்டு முன்கூட்டி அலசிய பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் அடுக்கினாலும் இதேதான். கதவைத் திறக்கும்போது நுரை கண்ணில் பட்டால், ஒரு கப் வினிகர் ஊற்றித் தண்ணீரை வெளியேற்று. பிறகு பாத்திரம் வைக்காமல் இரண்டு முறை அலச விடு.

தாள் எங்கேயும் நனையவில்லை, ஆனால் தொட்டியில் தண்ணீர் அளவுக்கு மீறி நிற்கிறது என்றால் தண்ணீரை விடும் வால்வைச் சந்தேகப்படு. நிரம்பிக்கொண்டிருக்கும்போது பட்டனை அணை. அணைத்த பிறகும் தண்ணீர் வந்தால் வால்வுக்குள் மணலோ உப்போ சிக்கி மூடாமல் நிற்கிறது. உடனே குழாயை மூடிவிடு. அந்த வால்வைத் திறந்து சுத்தம் செய்யப் பார்க்காதே, முழுதாக மாற்று. தண்ணீர் அழுத்தம் மிகக் குறைவாக இருந்தாலும் வால்வு இறுக மூடாது. அணைத்ததும் தண்ணீர் நின்றுவிட்டால் வால்வு நல்லது. அப்போது அழுத்த சென்சாருக்குப் போகும் மெல்லிய குழாயில் பிசுக்கு அடைத்திருக்கிறதா என்று பார். அது அடைத்தால் தண்ணீர் நிரம்பியது மெஷினுக்குத் தெரியாது.

இரவெல்லாம் சும்மா இருந்த மெஷினில் காலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் இரண்டு இரவு சோதனை செய். ஓர் இரவு குழாயைத் திறந்து வை, மறு இரவு மூடி வை. திறந்த இரவில் மட்டும் தண்ணீர் சேர்ந்தால் வால்வு சொட்டுகிறது. மூடிய இரவிலும் சேர்ந்தால், கழிவுநீர் ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. அந்தத் தண்ணீர் கலங்கி நாற்றம் அடிக்கும். ஹோஸை சிங்க்கின் அடியில் முடிந்தவரை உயரமாக ஒரு வளைவாகத் தூக்கிக் கட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

தட்டு நன்றாகக் காய்ந்த பிறகும் கோளாறு நிற்கவில்லை என்றால் மட்டும் சென்சாருக்குப் போ. பிளக் பிடுங்கியபடியே மிதவையை விரலால் தூக்கி இறக்கு, 'டிக்' என்று இரண்டு முறையும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மிதவை தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கலாம், அல்லது சுவிட்ச் ஈரத்தில் ஒட்டியிருக்கலாம். சத்தம் கேட்டும் சந்தேகம் இருந்தால் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) மின் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்துச் சுவிட்சின் கால்களைத் தொடு. மிதவை கீழே இருக்கும்போது ஒரு நிலை, மேலே தூக்கினால் மறுநிலை என்று மாற வேண்டும். மாறவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது. கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்தாலே சரியாகலாம். புதிய சுவிட்சை மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்கு. அந்த எண் கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும்.

மிதவையைக் கட்டிவைத்தோ வயரை இணைத்தோ பைபாஸ் செய்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நீ தூங்கும்போதோ வெளியே போயிருக்கும்போதோ எங்கேயாவது கசிந்தால் அந்தச் சுவிட்ச் ஒன்றுதான் தண்ணீர் வரத்தை நிறுத்தும். கீழேயே மோட்டாரும் மின்சார வயர்களும் இருக்கின்றன. பிளக் போட்டதும் வீட்டின் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தால் அதற்குமேல் நீ எதையும் தொடாதே, மெக்கானிக்கைக் கூப்பிடு.

4 லிட்டர் சோதனையை இன்று மாலையே செய்துவிட்டு எந்தத் தாள் நனைந்தது என்று எழுது. முடிந்தால் தாளை எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பு, கசிவு எந்தப் பக்கம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அன்புடன்,
அப்பா