பல்லில் இருப்பது அழுக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில் பற்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பால் பல் 20, நிலைப் பல் 32, உடம்பிலேயே கடினமானது பல்லின் மேலுறையான எனாமல்தான் என்பதெல்லாம் சரி. ஆனால், 'பல்லில் கறை இருந்தால் ஒழுங்காகத் துலக்கவில்லை என்று அர்த்தம்' என்று ஒரு வரி. அதை எங்கள் தருமபுரிப் பிள்ளைகளும் படிப்பார்களே!

எனக்கு முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு. ஐந்தாம் வகுப்பில் டீச்சர் எல்லார் முன்னாலும், "பல் விளக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். சாம்பல், உப்பு, செங்கல் பொடி என்று தேய்த்து ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். இன்றைக்கும் போட்டோ எடுத்தால் வாயை மூடிக்கொள்வேன்.

அந்தக் கோட்டுக்கான காரணம் பல் முளைப்பதற்கு முன்பே உள்ளே நடந்து முடிந்துவிடுகிறது. ஆறேழு வயதில் முளைக்கிற முன்பல்லுக்கு, பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே ஈறுக்குள் எனாமல் உருவாகத் தொடங்கிவிடும். அந்த வருடங்களில் குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு என்ற தாது உப்பு அதிகமிருந்தால் எனாமல் சரியாக இறுகாது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நின்றுவிடும். பல் வெளியே வந்த பிறகு அதில் பழுப்பு ஏறுகிறது. எனாமலைக் கட்டிய செல்களோ பல் முளைத்ததும் அழிந்துபோகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எலும்பின் கதை வேறு. அது ஆயுசுக்கும் கரைந்து கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. ஃபுளோரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றினாலும், மீதி எலும்பில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். முற்றினால் முதுகும் மூட்டும் விறைத்துவிடும். எங்கள் தெருவில் ஐம்பது வயதிலேயே குனிய முடியாதவர்கள் உண்டு. எல்லாம் இதனால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். 2013-ல் எங்களுக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வந்தது, பெரிய ஆறுதல். அது வராத நாளில் களிப் பானைக்கு ஃபுளோரைடு அதிகமுள்ள போர்வெல் தண்ணீர்தான்.

அடுத்த வாரம் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். என் பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.